வாளியை நீட்டுவதற்கு முன் கணக்கை நீட்டுங்கள்

அயர்லாந்து கால்பந்து சங்கத்தின் கிளப் உரிமக் குழுவினருக்கும், லீக் ஆஃப் அயர்லாந்து கிளப்களை நடத்தும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

இதன் ஆங்கிலப் படி ஆபட்ஸ்டவுனில் உள்ள உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் போய்விட்டது. தமிழிலும் எழுதக் காரணம், வெள்ளிக்கிழமை இரவுகளில் என்னோடு ஆட்டம் பார்க்க வரும் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள். "அப்படி என்னதான் எழுதினீங்க, எங்களுக்கும் காட்டுங்க" என்றார்கள். உங்களில் யாருக்காவது தமிழ் தெரிந்திருந்தால் இதையே படித்துக்கொள்ளலாம். இதில் கொஞ்சம் காரம் கூடுதல்.

நான் திருச்சிக்காரன். டப்ளினுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு எழுதுவது பிழைப்பு. வந்த முதல் வருடம் கூட வேலை பார்த்தவர் ஒருவர், "டிவியில் மான்செஸ்டர் பார்த்தது போதும், இங்கே உள்ளதைப் பார்" என்று ஃபிப்ஸ்பரோவில் இருக்கும் டாலிமவுண்ட் பூங்காவுக்கு இழுத்துப் போனார். அன்று மழை. பொஹீமியன்ஸ் தோற்றது. ஆனாலும் அடுத்த வாரம் நானாகவே போனேன். ஏன் என்று இன்றுவரை வீட்டில் விளக்கிச் சொல்ல முடியவில்லை.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் ஒரு வாளி. சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம், டப்ளினுக்கு வெளியே ஒரு மைதானத்துக்குப் போயிருந்தோம். எந்த கிளப் என்று சொல்லப்போவதில்லை. வாசலில் வெள்ளை பெயின்ட் வாளி ஒன்றை அணைத்துப் பிடித்தபடி ஒரு அம்மா நின்றிருந்தார். மூடியில் கத்தியால் கீறிய ஓட்டை. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கையுறையில் ஒரு விரல் நுனி கிழிந்திருந்தது. "எதற்கு வசூல்?" என்று கேட்டேன். "பையன்களுக்குப் போன வாரச் சம்பளம் வரலைப்பா" என்றார். இரண்டு யூரோ போட்டுவிட்டு உள்ளே போய், ஆட்டத்துக்கான சிறு புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். நடுப்பக்கத்தில் அந்த வாரம் எடுத்த புது முன்கள வீரரின் படம், கழுத்தில் கிளப் துண்டோடு. சம்பளம் கொடுக்கக் காசில்லாத வாரத்தில் புதிதாக ஒருவருக்குச் சம்பளம் பேசியிருக்கிறார்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு அதற்குமேல் ஆட்டத்தில் மனம் போகுமா?

அன்றிலிருந்து இந்த லீக்கின் பழைய கதைகளைத் தோண்ட ஆரம்பித்தேன். என் இருக்கைக்குப் பக்கத்தில் உட்காரும் பெரியவர் ஒருவர் பாதியைச் சொன்னார். மீதியைப் பழைய செய்தித்தாள்களிலும் நிறுவனப் பதிவகத்திலும் படித்தேன். உங்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் திரும்பத் திரும்ப நடப்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

2004 ஆகஸ்டில் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில், லான்ஸ்டவுன் ரோட்டில், டப்ளின் கிளப்பான ஷெல்போர்ன், ஸ்பெயினின் டெபோர்ட்டிவோ லா கொருன்யாவை 0-0 என்று நிறுத்தியது. முந்தைய பருவத்தில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போன அணி அது. ஸ்பெயினில் நடந்த மறு ஆட்டத்தில் 3-0 தோல்வி. அந்த ஒரு படியைத் தாண்டியிருந்தால் குரூப் சுற்று, கோடிக்கணக்கில் பணம். தாண்டவில்லை. ஆனால் தாண்டிவிடுவோம் என்ற நம்பிக்கையில் ஏற்றிய சம்பளங்கள் இறங்கவில்லை. 2006-ல் ஷெல்போர்ன் லீக் சாம்பியன் ஆனது. பட்டம் வாங்கிய கையோடு, 2007-ல் நிதி நிலைமை காரணமாக இரண்டாம் தரமான முதல் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் இடத்தையும் விட்டுக்கொடுத்தது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையைக் கட்டண பாக்கிக்காகக் கீழ் வகுப்பில் உட்காரவைத்த மாதிரி.

டிரோஹெடா யுனைடெட் கிளப்பின் கதையைப் பெரியவர் சொல்லும்போது கையை விரித்துக் காட்டுவார். 2007-ல் முதல்முறையாக லீக் பட்டம். 2008 கோடையில் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் டைனமோ கீவ். முதல் ஆட்டத்தில் 2-1 தோல்வி; கீவில் 2-2. கடைசி நொடிகளில் டிரோஹெடா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. "இவ்வளவுதான் இடைவெளி" என்று பெரியவர் இரண்டு விரலைக் காட்டுவார். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் வெளியூர் கோல் கணக்கில் (மொத்தம் சமமானால் எதிரணி ஊரில் அதிகம் அடித்தவருக்கு வெற்றி என்பது அன்றைய விதி) அவர்கள்தான் அடுத்த சுற்றுக்குப் போயிருப்பார்கள். அதே வருடம் அக்டோபரில் கிளப் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பைத் தேடியது. 10 புள்ளிகள் பறிபோயின. ஏறத்தாழத் தொண்ணூறு வருட ஊர்ப் பெருமையை ஒரு கம்பத்தின் கனத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பெயர் நிதித் திட்டம்!

ஐரோப்பியப் பணத்தை நம்பியது ஒரு வகை என்றால், மண்ணை நம்பியது இன்னொரு வகை. என் கிளப்பையே எடுத்துக்கொள்கிறேன். பிறகு ஊரான் குறையை மட்டும் பேசுகிறான் என்று சொல்லிவிடுவீர்கள்.

பொஹீமியன்ஸ் 1890-ல் தொடங்கியது. உறுப்பினர்களுக்கே சொந்தமான கிளப். 2006-ல் டப்ளின் முழுக்க நிலத்துக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. டாலிமவுண்ட் பூங்காவை லியம் கரோல் என்ற பெரிய பில்டரின் நிறுவனத்துக்கு விற்க உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். ஒப்பந்த மதிப்பு சுமார் 65 மில்லியன் யூரோ. விமான நிலையம் பக்கம் ஹாரிஸ்டவுனில் புது அரங்கமும் கட்டித் தருவதாகப் பேச்சு. கையில் வந்தது கொஞ்சம், வரவேண்டியது மலையளவு. வரப்போகும் மலையை நம்பி முழுநேர ஆட்டக்காரர்களை எடுத்தார்கள். 2008-லும் 2009-லும் லீக் பட்டம் வந்தது. இதற்கிடையில், மைதானத்தின் ஒரு பகுதியை ஏற்கெனவே எங்களுக்குத் தருவதாகச் சொன்னீர்களே என்று வேறொரு நிறுவனம் வழக்குப் போட, தீர்ப்பு கிளப்புக்கு எதிராகப் போனது. அப்புறம் நிலச் சந்தையே இடிந்து விழுந்தது. கரோலின் சாம்ராஜ்யமும் அதோடு போனது. மிஞ்சியது வங்கிக் கடனும் அடமானத்தில் இருந்த மைதானமும்.

2015-ல் டப்ளின் மாநகராட்சி டாலிமவுண்டை வாங்கியது. விலை 3.8 மில்லியன் யூரோ. 65 எங்கே, 3.8 எங்கே! பதினேழில் ஒரு பங்கு. நான் முதன்முதலாகப் போனபோது கான்னாட் தெருப் பக்கத்துக் காங்கிரீட் படிகள் பூட்டிக் கிடந்தன. படிகளின் இடுக்கில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. 1980-ல் பாப் மார்லி பாடிய மைதானம் இது என்று கூட வந்தவர் பெருமையாகச் சொன்னார். நான் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பாகப்பிரிவினையில் சிக்கிய வீட்டுத் திண்ணையில் இப்படித்தான் புல் முளைத்துக் கிடக்கும்.

அதே காலத்தில் செயின்ட் பாட்ரிக்ஸ் அத்லெட்டிக்கை 2007-ல் எடுத்த கேரட் கெலஹரும் பில்டர்தான். சிகாகோவில் அமெரிக்காவிலேயே உயரமான கட்டடம் எழுப்பப் புறப்பட்டவர். அந்தக் கட்டடம் தரைக்கு மேல் வரவே இல்லை, பெரிய குழியாகவே பல வருடம் கிடந்தது. ஆனாலும் அவர் கிளப்பை விட்டு ஓடவில்லை, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஸ்போர்ட்டிங் ஃபிங்கல் என்று ஒரு கிளப். பின்னால் நின்றவர் ஜெரி கேனன், அவரும் பில்டர். 2008-ல் லீக்குக்குள் வந்து, 2009-ல் தேசியக் கோப்பையையே தூக்கி, 2011 பிப்ரவரியில், பருவம் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது காணாமல் போனது. மூன்றே பருவம். கோப்பையில் அவர்கள் பெயர் பொறித்திருக்கிறது. பாராட்டு சொல்லப் போனால் கதவைத் தட்ட அலுவலகம் கிடையாது.

ஷாம்ராக் ரோவர்ஸ் இந்தப் பாடத்தை எல்லோருக்கும் முன்பே படித்தது. 1987-ல் மில்டவுனில் இருந்த அவர்களின் கிளென்மலூர் பூங்காவை அன்றைய உரிமையாளர்களே விற்றார்கள். இன்று அங்கே வீடுகள். நாட்டிலேயே அதிகப் பட்டம் வாங்கிய கிளப் இருபத்திரண்டு வருடம் டோல்கா, டாலிமவுண்ட், ஆர்டிஎஸ், மார்ட்டன் என்று வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தது. 2005-ல் கடன் முற்றி நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது. லீக்கில் ஆடச் சங்கம் தரும் உரிமத்துக்காகக் கொடுத்த கணக்குத் தாள்களில் கோளாறு என்று 8 புள்ளிகள் வெட்டப்பட்டன. பருவ இறுதியில் டப்ளின் சிட்டி என்ற கிளப்போடு தகுதி ஆட்டம். அதில் தோற்று, வரலாற்றில் முதல்முறையாகக் கீழ் டிவிஷனுக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால் ஜெயித்து மேலே போன டப்ளின் சிட்டி அடுத்த ஜூலையில், பருவத்தின் நடுவிலேயே கடையைக் கட்டிவிட்டது. தோற்றவன் பிழைத்தான், ஜெயித்தவன் செத்தான். இந்த லீக்கை அறியாதவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கில்கென்னி சிட்டி, கில்டேர் கவுண்டி, 2012-ல் பாதிப் பருவத்தில் விலகிய மோனஹன் யுனைடெட், 2011-ல் நின்றுபோய்ப் பிறகு வேறு உருவில் திரும்பிய கால்வே, 2019-ல் நீதிமன்றம் போய்க் கலைந்த லிமெரிக்: பட்டியலை இன்னும் நீட்டலாம். நீட்டினால் கடிதம் இரங்கல் பக்கம் போலாகிவிடும்.

இதெல்லாம் சட்டம் இல்லாததால் நடந்தது என்று சொல்ல முடியாது. 2007-ல் சங்கம் லீக்கைத் தன் கையில் எடுத்தபோதே, ஆட்டக்காரர் சம்பளம் வருமானத்தில் 65 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி பேசப்பட்டது. டிரோஹெடா கவிழ்ந்தது அதற்குப் பிறகுதான். 2005-ன் சாம்பியனான கார்க் சிட்டியை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது, 2008-ல் கைகழுவியது, 2010 தொடக்கத்தில் வரி பாக்கியோடு கிளப் கலைக்கப்பட்டது. டெர்ரி சிட்டி விஷயம் இன்னும் நேரடி. ஆட்டக்காரர்களோடு இரண்டு ஒப்பந்தம்: ஒன்று சங்கத்தின் கண்ணுக்கு, இன்னொன்று உண்மையான சம்பளத்துக்கு. 2009 நவம்பரில் லீக்கை விட்டே நீக்கினீர்கள். சரியான தண்டனைதான். ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். இரண்டு நோட்டு போடுகிற கடைக்காரரைப் பிடிக்க எந்த வரி அதிகாரியும் கடைக்காரர் தரும் நோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். வங்கிப் புத்தகத்தைக் கேட்பார்.

65 விழுக்காடு என்ற எண்ணிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எதில் 65? கிளப் முதலாளி தன் பையிலிருந்து போடுவதாகச் சொல்லும் பணத்தையும் வருமானப் பக்கத்தில் எழுத விட்டால், அவர் சொல்லும் வார்த்தை ஏற ஏறச் சம்பளமும் ஏறும். டிக்கெட், ஜெர்சி, ஸ்பான்சர், ஆட்டக்காரரை விற்ற தொகை இவை வருமானம். முதலாளியின் பாசம் வருமானம் இல்லை. பாசம் மார்ச்சில் இருக்கும், ஆகஸ்டில் தொலைபேசியை எடுக்காது. சீட்டுக் கம்பெனி ஓடின ஊரில் பிறந்தவன் நான். முதலாளி நல்ல மனுஷன் என்ற சொல்லை ரசீதாக வாங்கிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சங்கத்தாரே, இப்போது கொஞ்சம் உங்கள் வீட்டுக்குள்ளும் வருகிறேன். கிளப்களிடம் கணக்கு கேட்கும் தகுதி உங்களுக்கு எப்படி வந்தது, எப்போது போனது என்பதைச் சொல்லாமல் இந்தக் கடிதம் நேர்மையாக இருக்காது.

உங்கள் தலைமை நிர்வாகியாகப் பல வருடம் இருந்த ஜான் டெலனி இந்த லீக்கைத் தொல்லை பிடித்த பிள்ளை என்ற பொருளில் ஒருமுறை பேசினார். அதைக் கேட்ட ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. பிள்ளையின் யோக்கியதை அப்படி இருக்க, அப்பாவின் கணக்கு எப்படி இருந்தது? 2008 செப்டம்பரில், உலகமே நிதி நெருக்கடியில் தள்ளாடத் தொடங்கிய அந்த மாதத்தில், புது அவிவா அரங்கத்துக்குப் பத்து வருட இருக்கைகளை 32,000 யூரோ வரை விலை வைத்து விற்க இறங்கினீர்கள். வாங்க ஆள் வரவில்லை. அரங்கத்தின் கடன் மட்டும் உங்கள் தலையில் உட்கார்ந்தது. 2019 மார்ச்சில், டெலனி 2017-ல் சங்கத்துக்கு ஒரு லட்சம் யூரோ கைமாற்றாகக் கொடுத்த விஷயம் செய்தித்தாளில் வெளிவந்தது. ஒரு நாட்டின் கால்பந்து சங்கத்துக்கு மாதச் செலவைத் தாண்ட அதன் சம்பளக்காரரிடமே கைமாற்று!

அந்த மாதக் கடைசியில் அயர்லாந்து அணிக்கு ஜார்ஜியாவுடன் ஆட்டம். நான் அவிவாவில் இருந்தேன். முப்பத்து மூன்றாவது நிமிடம் வாக்கில் டெலனிக்கு எதிர்ப்பாகத் தெற்குப் பக்கத்து ரசிகர்கள் வீசிய டென்னிஸ் பந்துகள் மைதானத்துக்குள் பொழிந்தன. மஞ்சளும் பச்சையுமாக உருண்டு வந்து புல்லில் நின்றன. ஆட்டம் நின்றது, ஆட்டக்காரர்களே குனிந்து பொறுக்கி வெளியே போட்டார்கள். என் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. "அப்பா, இவங்க ஏன் தப்பான பந்தை வெச்சு ஆடறாங்க?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். இன்று யோசித்தால் அதைவிடச் சரியாக யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த மாதமே உங்கள் தணிக்கையாளர்களான டெலாய்ட், கணக்குப் புத்தகங்கள் முறைப்படி வைக்கப்படவில்லை என்று நிறுவனப் பதிவகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். டிசம்பரில் கடன் 55 மில்லியன் யூரோ என்று நீங்களே சொன்னீர்கள். 2020 ஜனவரியில் அரசும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏவும் வங்கியும் சேர்ந்து தூக்கி நிறுத்தவேண்டி வந்தது. மக்கள் வரிப்பணம், அதில் என்னுடையதும் உண்டு. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி கடன் வாங்கி மேய்ந்தது. அதற்குப் பிறகு ஆட்கள் மாறியிருக்கிறார்கள், விதிகள் மாறியிருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கணக்கு நோட்டுகளை வெளியாள் வந்து பிரித்துப் பார்த்த பிறகுதான் அது நடந்தது. கிளப் விஷயத்திலும் நான் கேட்கப்போவது அவ்வளவுதான்.

அதற்கு முன் அடுத்த வீட்டுப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் மாடி அறையில் வாடகைக்கு இருந்தான், இருபத்திரண்டு வயது, இடதுபுறத் தடுப்பாட்டக்காரன். கிளப் பெயர் வேண்டாம். இங்கே பருவம் பிப்ரவரியில் தொடங்கி அக்டோபர், நவம்பரில் முடிகிறது. பல கிளப்களில் ஒப்பந்தமும் ஏறத்தாழ நாற்பது வாரத்துக்குத்தான். மீதி வாரங்களுக்கு அரசின் வேலையில்லா உதவித்தொகை. நவம்பரில் அவன் அந்த வரிசையில் நின்றதை நானே பார்த்தேன். இரண்டு வாரம் முன்னால் அவனுக்காகக் கைதட்டிய ஒருவர் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தார். அது சட்டப்படி நடப்பது, போகட்டும். பருவத்தின் நடுவில் நடந்ததுதான் மனதை அறுத்தது. சம்பள நாள் வெள்ளி. மத்தியானம் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து வங்கிச் செயலியை விரலால் கீழே இழுத்து இழுத்துப் பார்ப்பான். என் மனைவி தயிர்சாதத்தை முன்னால் வைப்பாள். "வந்துடும் அக்கா" என்பான், அந்த ஒரு தமிழ்ச் சொல்லை எங்களிடம்தான் கற்றிருந்தான். சாயங்காலம் சம்பளம் வராமலே போய்த் தொண்ணூறு நிமிடமும் ஓடினான். அடுத்த வெள்ளியும் அப்படியே. அந்த கிளப்புக்கு அந்த வருடம் உரிமம் கொடுத்தது நீங்கள்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் எல்லோரும் பேராசை என்பார்கள். எனக்கு அது பாதிப் பதில்தான். கணக்கைப் பாருங்கள். பிரிமியர் டிவிஷனில் பத்து கிளப். ஐரோப்பாவுக்குப் போகும் இடம் நான்கு. லீக் பட்டத்துக்கே பரிசு ஒரு லட்சம் யூரோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் ஒரே சுற்று ஆடித் தோற்றாலும் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்துவிடும். ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் முக்கியச் சுற்றுக்குள் நுழைந்தால் நுழைவுத் தொகையே மூன்று மில்லியனுக்கு மேல். 2024-ல் ஷாம்ராக் ரோவர்ஸ் நுழைந்தது. 2025-ல் ரோவர்ஸும் ஷெல்போர்னும் நுழைந்தன. இதைப் பார்த்த மற்ற எட்டு பேருக்கும் கை அரிக்கத்தானே செய்யும்? நான்கு நாற்காலிக்கு ஏழு பேர் செலவு செய்கிறார்கள். யார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மூன்று பேர் தரையில் உட்காரத்தான் வேண்டும். அந்த மூன்று பேரும் நான்காவது நாற்காலிக்கான சம்பளத்தை ஏற்கெனவே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கும் அபயம் கிடையாது. டண்டாக்கைப் பாருங்கள். ரயில் பட்டறைத் தொழிலாளர்கள் 1903-ல் தொடங்கிய கிளப். 2012-ல் மூடும் நிலை; உள்ளூர்க்காரர்கள் இருவர் எடுத்துப் பிழைக்கவைத்தார்கள். 2014 முதல் 2019 வரை ஆறு பருவத்தில் ஐந்து பட்டம், அதில் நான்கு ஸ்டீபன் கென்னியின் பயிற்சியில். 2016-ல் யூரோப்பா லீக் குரூப் சுற்றில் மக்காபி டெல் அவிவை ஜெயித்தது. அந்தச் சுற்றில் அயர்லாந்து கிளப் ஒன்றின் முதல் வெற்றி. அந்த ஓட்டத்தில் கிடைத்தது இந்த லீக் அதுவரை காணாத பணம். 2018-ல் அமெரிக்க முதலீட்டாளர்கள், 2021-ல் மறுபடி உள்ளூர்க்காரர்கள், 2023 கடைசியில் இன்னொருவர் என்று கை மாறியது. 2024 செப்டம்பரில் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. கடைசி நிமிடத்தில் ஊர் வழக்கறிஞர் ஒருவர் எடுத்துக்கொண்டார். அந்தப் பருவமே கீழே இறங்கியது. 2025-ல் முதல் டிவிஷனை வென்று மேலே ஏறியிருக்கிறது. சந்தோஷம். ஆனால் அந்த 2024-க்கு உரிமம் கொடுக்கும்போது உங்கள் மேஜையில் இருந்த தாள் என்ன சொன்னது? அந்த ஒரு தாளைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

ரசிகர்களே நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். கார்க்கில் ரசிகர் அறக்கட்டளை சாம்பலிலிருந்து கிளப்பை எழுப்பி 2017-ல் லீக்கும் கோப்பையும் சேர்த்து வென்றது. பத்து வருடம் தாண்டியதும் தாக்குப்பிடிக்க முடியாமல் தனியார் ஒருவருக்கு விற்க உறுப்பினர்களே வாக்களித்தார்கள். ரோவர்ஸைக் காப்பாற்றியதும் ரசிகர்கள்தான். இன்று அதில் பாதிப் பங்கு இரண்டு செல்வந்தர்களிடம் இருக்கிறது. டாலிமவுண்டை விற்கக் கை தூக்கியவர்களும் ரசிகர்களே, அதை எப்படி மறைப்பது? ஆள் யார் என்பதைவிட, அந்த ஆளின் நோட்டை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

இப்போது ஏன் எழுதுகிறேன்? நிலைமை நன்றாக இருப்பதால். டிக்கெட் கிடைப்பதில்லை. ரோவர்ஸின் இன்றைய மைதானமான டாலாவில் நான்காவது பக்கமும் கட்டி முடித்துப் பத்தாயிரம் பேர் உட்காருகிறார்கள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிள்ளைகள் பதினெட்டு வயது வரை இங்கிலாந்துக்குப் போக முடியாததால் இங்கேயே வளர்கிறார்கள். செயின்ட் பாட்ரிக்ஸின் மேசன் மீலியாவை டாட்டன்ஹாம் 1.9 மில்லியன் யூரோவுக்கு வாங்கியது, இந்த லீக்கில் அதுவரை இல்லாத தொகை. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வரிசை கட்டுகிறார்கள். 2006-லும் இப்படித்தான் இருந்தது என்று பெரியவர் சொல்கிறார். அப்போது பில்டர்கள், இப்போது பல நாட்டில் பல கிளப் வைத்திருக்கும் நிறுவனங்கள். அதன் விளைவையும் பார்த்தாயிற்று: 2024-ல் தேசியக் கோப்பையை வென்ற டிரோஹெடா, அதன் உரிமையாளர்களுக்கு டென்மார்க்கிலும் ஒரு கிளப் இருந்த காரணத்தால், 2025-ல் ஐரோப்பாவில் ஆட அனுமதிக்கப்படவில்லை. ஆட்டக்காரர்கள் ஜெயித்தார்கள், பங்குப் பத்திரம் தோற்றது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. இந்த நாட்டுச் சட்டப்படி சிறு நிறுவனங்கள் சுருக்கக் கணக்கு தாக்கல் செய்தால் போதும். இருப்புநிலைத் தாள் மட்டும் இருக்கும்; வருமானம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்ற தாள் இருக்காது. நிறுவனப் பதிவகத்தில் காசு கட்டி ஒவ்வொரு கிளப்பாக எடுத்துப் பார்த்தேன். பல கிளப்களில் திரைதான் தெரிகிறது. தச்சுப் பட்டறைக்கு அந்தச் சலுகை நியாயம். ஆயிரக்கணக்கானவர்களிடம் டிக்கெட் காசும் வாசலில் வாளிக் காசும் வாங்குகிற கிளப்புக்கு அது எதற்கு? முழுக் கணக்கையும் வெளியிடுகிற கிளப்புக்குத்தான் உரிமம் என்று ஒரு வரி எழுதுங்கள். சட்டத்தை மாற்றவேண்டியதில்லை, உரிமம் உங்கள் கையில்.

அடுத்தது, முதலாளி போடுவதாகச் சொல்லும் பணம். வாக்குறுதிக் கடிதம் வேண்டாம். பருவம் தொடங்குமுன் அந்தத் தொகையை ஒரு தனிக் கணக்கில் கட்டட்டும். மாதாமாதம் சம்பளத்துக்கு மட்டும் அதிலிருந்து போகட்டும். கட்ட மனமில்லாதவர் அந்த அளவுக்குச் சிறிய அணியை வைத்துக்கொள்ளட்டும். ஐரோப்பியப் பணத்தை வந்த பிறகு எழுதட்டும், வருமுன் எழுத வேண்டாம்.

புள்ளி வெட்டும் தண்டனையைப் பற்றியும் ஒன்று. 8 புள்ளி, 10 புள்ளி என்று வெட்டும்போது அழுவது இரண்டாம் வரிசையில் அட்டை பிடித்து நிற்கும் பிள்ளைகள். கணக்கில் கைவைத்த இயக்குநர் அடுத்த மாதம் வேறு குழுவில் உட்கார்ந்திருப்பார். சம்பளம் வராமல் போன ஒவ்வொரு வாரத்துக்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இயக்குநரின் பெயரை உங்கள் இணையதளத்தில் போடுங்கள். அபராதம்கூட வேண்டாம், பெயரைப் போடுங்கள்.

கிளப் இயக்குநர்களே, உங்களில் பலர் சொந்த வேலை முடிந்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை சம்பளமில்லாமல் இதற்காக உழைப்பவர்கள் என்று எனக்குத் தெரியும். மைதானத்தில் கோடு போடுகிறவரும் நீங்கள்தான், சிப்ஸ் வறுக்கிறவரும் நீங்கள்தான். உங்களைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜனவரியில் ஒரு ஆட்டக்காரரின் முகவர் "பக்கத்து கிளப் வாரத்துக்கு இருநூறு கூடுதலாகத் தருகிறது" என்று சொல்லும்போது, உங்கள் கை பேனாவை நோக்கிப் போகிறது பாருங்கள், அந்த இடத்தில் பிடித்து நிறுத்த ஒரு தாள் வேண்டும். எல்லோருடைய கணக்கும் திறந்திருந்தால் பக்கத்து கிளப் எந்தக் காசில் தருகிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

புதுப் பருவத்தின் முதல் வெள்ளிக்கிழமை நான் வழக்கமான இடத்தில் இருப்பேன், பெரியவர் பக்கத்தில். வாசலில் வாளி வந்தால் காசு போடுவேன், போடாமல் இருக்க முடியாது. ஆனால் இந்த முறை வாளி பிடித்திருப்பவரிடம் போன வருடத்துக் கணக்கின் நகல் ஒன்று கேட்கப்போகிறேன். அவரிடம் இருக்காது, யாரிடம் இருக்கும் என்றாவது சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
வருடச் சந்தாவைத் தவறாமல் கட்டும் ஒரு கிளப் உறுப்பினன்,
டப்ளின்